3 ஜிபி ஃபைலும் மைனஸ் 107 கோடியும்: சி மொழியில எண்ணைப் படிக்கிறது எப்படி?

இந்த எபிசோட்ல ஒரு ரொம்பச் சின்ன வேலையைப் பத்திப் பேசப் போறோம். ஒரு ஸ்ட்ரிங் இருக்கு, அதுக்குள்ள எழுத்து வடிவத்துல ஒரு எண் இருக்கு. அதைக் கணக்குப் போடக்கூடிய எண்ணா மாத்தணும். அவ்வளவுதான் வேலை.

பைத்தான்ல இது ஒரே ஒரு வார்த்தை. சி மொழியில இதுக்கு அரை டஜன் ஃபங்ஷன் இருக்கு. ஒவ்வொண்ணும் உங்க லேப்டாப்ல ஒரு மாதிரியும் இன்னொருத்தர் மெஷின்ல வேற மாதிரியும் நடந்துக்கும். பெரும்பாலும் எரர் எதுவும் வராது. தப்பான எண் அமைதியா உள்ள வந்து உக்காந்துடும். அதுதான் இதுல இருக்கிற ஆபத்து.

கமாண்ட் லைன்ல கொடுக்கிற ஆப்ஷன், கான்ஃபிக் ஃபைல்ல இருக்கிற போர்ட் நம்பர், சர்வர் அனுப்புற ஃபைல் சைஸ் எல்லாமே முதல்ல எழுத்தாத்தான் வருது. அதை எண்ணா மாத்துற இடம்தான் வாசல். அங்க தப்பு நடந்தா, உள்ள எவ்வளவு ஒழுங்கா கோட் எழுதியிருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

ஏ-டு-ஐ: எல்லாரும் முதல்ல கத்துக்கிறது

காலேஜ்ல சி படிச்சவங்க எல்லாருக்கும் இந்த ஃபங்ஷன் தெரிஞ்சிருக்கும். ஏ, டி, ஓ, ஐ. நாம 'ஏ-டு-ஐ'னு சொல்லுவோம். ஸ்ட்ரிங்கைக் கொடுத்தா இன்ட் கிடைக்கும். பார்க்க ரொம்ப எளிமையா இருக்கும்.

இதுல முதல் பிரச்சினை, "வாழைப்பழம்"னு கொடுத்தாலும் 0 தரும், "0"னு கொடுத்தாலும் 0 தரும். எது நிஜமான பூஜ்யம், எது குப்பைன்னு உங்களால கண்டுபிடிக்கவே முடியாது. "12abc" மாதிரி எண்ணுக்குப் பின்னாடி எழுத்து ஒட்டிக்கிட்டு வந்தா, 12-ஐ மட்டும் எடுத்துக்கிட்டு மீதியைக் கண்டுக்காம விட்டுடும்.

ரெண்டாவது பிரச்சினைதான் நம்ம இன்றைய தலைப்பு. இன்ட்டுக்குள்ள அடங்காத பெரிய எண்ணைக் கொடுத்தா என்ன ஆகும்? சி ஸ்டாண்டர்ட் இதுக்கு எந்தப் பதிலையும் நிர்ணயிக்கல, 'அன்டிஃபைன்ட் பிஹேவியர்'னு விட்டுடுச்சு. அதாவது, ஒவ்வொரு லைப்ரரியும் தன் இஷ்டம்போல எது வேணாலும் செய்யலாம்.

ஒரு உதாரணம் எடுத்துக்குவோம். சரியா 3 ஜிபி ஃபைல், அதோட சைஸ் 3221225472 பைட். சுமார் 322 கோடி. 32 பிட் இன்ட்டோட உச்ச வரம்பு 2147483647, அதாவது சுமார் 214 கோடி. ஆக, இது அடங்காது.

இந்த ஸ்ட்ரிங்கை 64 பிட் லினக்ஸ்ல, ஜிலிப்சியோட ஏ-டு-ஐ கிட்ட கொடுத்தா -1073741824 வரும். மைனஸ் 107 கோடி! ஏன்னா, அது உள்ளுக்குள்ள 64 பிட் எண்ணா சரியாப் படிச்சுட்டு, மேல் பாதியை வெட்டிட்டு, கீழ 32 பிட்டை மட்டும் கையில தருது. அதே ஸ்ட்ரிங்கை விண்டோஸ்ல கொடுத்தா 2147483647 வரும். அங்க வரம்பைத் தாண்டினா உச்ச எண்ணுலயே நிறுத்திடுவாங்க. 32 பிட் லினக்ஸ்லயும் 2147483647 தான். ஆக, லினக்ஸுக்குள்ளயே ரெண்டு பதில்.

மைனஸ்ல வந்தா எங்கேயாவது இடிக்கும், யாராவது பார்ப்பாங்க. அதைவிட மோசமானது ஒண்ணு இருக்கு. 4294967301னு கொடுத்துப் பாருங்க. 64 பிட் லினக்ஸ்ல 5 வரும். பார்க்க ரொம்ப நல்ல பிள்ளை மாதிரி இருக்கிற 5. எந்தச் சோதனையிலயும் இது மாட்டாது.

லாங் எவ்வளவு லாங்?

"சரி, ஏ-டு-ஐ வேணாம், ஸ்டர்-டு-எல் இருக்கே"ன்னு நீங்க கேக்கலாம். எஸ், டி, ஆர், டி, ஓ, எல். ஸ்ட்ரிங்கை லாங்கா மாத்துற ஃபங்ஷன். 1989 ஸ்டாண்டர்ட்லயே இது இருக்கு. தப்பு நடந்தா சொல்லும், எங்க நிறுத்தினேன்னும் காட்டும். ஏ-டு-ஐயை விட எவ்வளவோ மேல்.

ஆனா இது தர்றது 'லாங்' டைப். லாங்னா எத்தனை பிட்? சி ஸ்டாண்டர்ட் 'குறைஞ்சது 32'னு மட்டும்தான் சொல்லுது. 64 பிட் காலம் வந்தப்போ உலகம் ரெண்டாப் பிரிஞ்சுது. லினக்ஸ், மேக், பிஎஸ்டி மாதிரியான யூனிக்ஸ் குடும்பம் லாங்கை 64 பிட்டா ஆக்கிடுச்சு. மைக்ரோசாஃப்ட் அதை 32 பிட்டாவே வெச்சுக்கிச்சு. லாங்னா 32 பிட்தான்னு நம்பி எழுதின பழைய கோட் உடையக்கூடாதுன்னு எடுத்த முடிவு அது. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா நடுவுல மாட்டிக்கிறது நாம.

ஆக, அதே 3 ஜிபி ஸ்ட்ரிங்கை ஸ்டர்-டு-எல் கிட்ட கொடுத்தா 64 பிட் லினக்ஸ்ல 3221225472னு சரியா வரும். 64 பிட் விண்டோஸ்ல 2147483647 வரும், கூடவே எர்நோங்கிற வேரியபிள்ல 'ஈ-ரேஞ்ச்'னு ஒரு எரர் கோடும் வரும். நீங்க எர்நோவைப் பார்க்கலைன்னா, உங்க டவுன்லோடர் கிட்டத்தட்ட 2 ஜிபியிலயே "முடிஞ்சது"ன்னு நிறுத்திடும். உங்க மெஷின்ல எல்லா டெஸ்ட்டும் பாஸ். விண்டோஸ் வெச்சிருக்கிற யூசருக்கு மட்டும் அரைகுறை ஃபைல்.

இது விண்டோஸ் பிரச்சினை மட்டும்னு நினைச்சுடாதீங்க. 32 பிட் லினக்ஸ்லயும் 32 பிட் ஆண்ட்ராய்ட்லயும் லாங் 32 பிட்தான்.

இதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு. உங்களுக்குத் தேவை ஒரு இன்ட்னு வெச்சுக்குவோம். ஸ்டர்-டு-எல்-ஐக் கூப்பிட்டு, 'வந்த எண் இன்ட்டோட உச்சத்தை விடப் பெருசா?'ன்னு பார்க்கறீங்க. 64 பிட் லினக்ஸ்ல இந்தச் சோதனை வேலை செய்யும். விண்டோஸ்ல லாங்கும் இன்ட்டும் ஒரே அளவு, அதனால அந்த 'பெருசா?' கேள்விக்கு 'ஆமா'ன்னு பதில் வரவே வராது. அங்க எர்நோதான் காப்பாத்தும். இதையே திருப்பிப் பாருங்க. விண்டோஸ்ல எர்நோ சோதனை மட்டும் எழுதினவர் லினக்ஸுக்கு வந்தா, 322 கோடி எந்த எரரும் இல்லாம உள்ள வந்து, இன்ட்டுக்குள்ள போகும்போது வெட்டுப்படும். ரெண்டு சோதனையும் வேணும். ஒரு பிளாட்ஃபார்ம்ல ஒண்ணு தேவையில்லாத மாதிரி தெரியும், அதை நம்பி அழிச்சுடாதீங்க.

சரியாக் கேக்கறதுக்கு மூணு கேள்வி

இந்த ஸ்டர்-டு குடும்பத்தை ஒழுங்காப் பயன்படுத்த, ஒவ்வொரு தடவையும் மூணு விஷயம் பார்க்கணும்.

ஒண்ணு, எண் எதாவது கிடைச்சுதா? இந்த ஃபங்ஷனுக்கு ரெண்டாவதா ஒரு பாயின்டரைக் கொடுப்போம். எந்த எழுத்துல நிறுத்துச்சுன்னு அதுல எழுதிவைக்கும். அது ஸ்ட்ரிங்கோட ஆரம்பத்துலயே நின்னிருந்தா, ஒரு இலக்கம்கூடக் கிடைக்கலன்னு அர்த்தம்.

இதையே எர்நோ வழியாக் கண்டுபிடிக்கலாம்னு சிலர் நினைப்பாங்க. அங்கயும் பிளாட்ஃபார்ம் வித்தியாசம் இருக்கு. எண்ணே இல்லாத ஸ்ட்ரிங் வந்தா ஃப்ரீபிஎஸ்டியும் மேக்கும் 'ஈ-இன்வால்'னு எரர் வைக்கும். ஜிலிப்சி வைக்காது. 'வைக்கலாம்'னுதான் போசிக்ஸ் சொல்லுது, 'வைக்கணும்'னு சொல்லல. அதனால பாயின்டரை ஒப்பிட்டுப் பார்க்கறதுதான் எல்லா இடத்துலயும் செல்லுபடியாகிற ஒரே வழி.

ரெண்டு, முழு ஸ்ட்ரிங்கும் எண்தானா? நிறுத்தின இடம் ஸ்ட்ரிங்கோட கடைசியா இருக்கணும். இல்லைன்னா "8080x"னு தப்பா டைப் பண்ணினதும் 8080னு உள்ள வந்துடும்.

மூணு, வரம்புக்குள்ள இருக்கா? இதுக்கு எர்நோவைப் பார்க்கணும். ஆனா கூப்பிடறதுக்கு முன்னாடி எர்நோவை நாமே 0 ஆக்கணும். லைப்ரரி ஃபங்ஷன் எதுவும் எர்நோவைத் திரும்ப 0 ஆக்காது. முன்னாடி எங்கேயோ நடந்த வேற ஏதோ தப்பு அதுல ஒட்டிக்கிட்டு இருக்கலாம்.

மைனஸ் ஒண்ணு செஞ்ச வேலை

"ஃபைல் சைஸ் நெகட்டிவா இருக்காதே, அன்சைன்ட் ஃபங்ஷனையே பயன்படுத்திக்கலாம்"னு அடுத்து தோணும். அதாவது ஸ்டர்-டு-யூஎல். நல்ல எண்ணம்தான். ஆனா அது மைனஸ் குறியையும் சந்தோஷமா ஏத்துக்கும்! "-1"னு கொடுத்தா எரரே வராது, அந்த டைப்போட உச்ச எண் வரும். விண்டோஸ்ல 4294967295. 64 பிட் லினக்ஸ்ல 18446744073709551615. இது பக் இல்ல, ஸ்டாண்டர்டே அப்படித்தான் எழுதியிருக்கு.

இந்த மாதிரி எண் உள்ள வந்தா என்ன ஆகும்? 2019 அக்டோபர்ல சுடோ ப்ரோகிராம்ல ஒரு பாதுகாப்புக் குறை வெளியே வந்துச்சு. எண் சிவிஇ-2019-14287. சில சர்வர்கள்ல, "இந்த யூசர் ரூட்டைத் தவிர வேற யார் பேர்ல வேணாலும் கமாண்ட் ஓட்டலாம்"னு ஒரு விதி எழுதியிருப்பாங்க. சுடோ கிட்ட யூசர் பேருக்குப் பதிலா யூசர் ஐடி எண்ணையும் கொடுக்கலாம். அங்க -1 கொடுத்தா, இல்லைன்னா 4294967295 கொடுத்தா, அந்தக் கமாண்ட் ரூட்டாவே ஓடுச்சு. காரணம், யூசர் ஐடியை மாத்துற சிஸ்டம் கால்ல -1-க்கு 'எதையும் மாத்தாதே'ன்னு அர்த்தம். சுடோ ஏற்கெனவே ரூட்டாத்தான் ஓடிக்கிட்டு இருக்கு. மாத்தாம விட்டா ரூட்தான். 1.8.28 பதிப்புல இதைச் சரி பண்ணினாங்க.

இங்க எண் சரியாத்தான் படிக்கப்பட்டுச்சு. 'இந்த இடத்துல இந்த எண் வரலாமா?'ங்கிற கேள்வியை யாரும் கேக்கல. இது நம்ம எபிசோடோட முக்கியமான பாடம். "இது லாங்குக்குள்ள அடங்குதா?"ங்கிறது மெஷினைப் பத்தின கேள்வி. "இந்த வேலைக்கு எது குறைஞ்ச எண், எது உச்ச எண்?"ங்கிறது உங்க ப்ரோகிராமைப் பத்தின கேள்வி. ரெண்டாவதுக்குப் பதில் வெச்சிருந்தா, முதலாவது தானா அடங்கிடும். போர்ட் நம்பர்னா 1-ல இருந்து 65535 வரைக்கும். மெஷின் எதுவா இருந்தாலும் அது மாறப் போறதில்ல.

முன்னாடி ஒரு சைபர் வந்தா

ஸ்டர்-டு ஃபங்ஷன்களுக்கு மூணாவதா 'பேஸ்' கொடுக்கணும். 10னு கொடுத்தா தசம எண். சிலர் 0னு கொடுப்பாங்க. 'நீயே பார்த்துக் கண்டுபிடிச்சுக்கோ'ன்னு அர்த்தம். அப்போ 0x-ல ஆரம்பிச்சா பதினாறு அடிமானம், வெறும் 0-ல ஆரம்பிச்சா எட்டு அடிமானம். யாராவது "010"னு எழுதினா 8 வரும். "08"னு எழுதினா 0 மட்டும் படிச்சுட்டு 8-க்கு முன்னாடியே நின்னுடும், ஏன்னா எட்டு அடிமானத்துல 8ங்கிற இலக்கமே கிடையாது. தேதியில ஆகஸ்ட் மாசத்தை 08னு எழுதுறோமே, அதுக்கு இந்தக் கதிதான்.

இந்த விதியும் சமீபத்துல மாறியிருக்கு. புது சி23 ஸ்டாண்டர்ட்ல, பேஸ் 0 இல்லைன்னா 2 கொடுத்தா 0b-ல ஆரம்பிக்கிற பைனரி எண்ணும் செல்லும். அதுக்கு முன்னாடி "0b101"னா 0 படிச்சுட்டு b-ல நிக்கும். இப்போ 5. அதே கோட், அதே ஸ்ட்ரிங், கம்பைல் பண்ற ஸ்டாண்டர்டைப் பொறுத்துப் பதில் வேற.

ஜிலிப்சி 2.38-ல, இதுக்காக ஸ்டர்-டு-எல்லுக்கு உள்ளுக்குள்ள புதுப் பேர்ல இன்னொரு பிரதி கொண்டுவந்தாங்க. அந்தப் பேர்ல 'ஐசோசி23'ங்கிற துண்டு இருக்கும். புது லினக்ஸ்ல கம்பைல் பண்ணின ப்ரோகிராமைப் பழைய லினக்ஸ்ல ஓட்டும்போது, இந்தப் பேர் வர்ற எரர் மெசேஜை நீங்க பார்த்திருந்தா, கதை இதுதான். புதுசுல கம்பைல் பண்ணிப் பழசுல ஓட்டாதீங்க. ஆதரிக்க வேண்டிய பழைய சிஸ்டம் எதுவோ, அதுல கம்பைல் பண்ணுங்க.

அப்போ எதைப் பயன்படுத்துறது?

முதல் விதி, லாங்கை விட்டு விலகுங்க. 'லாங் லாங்' குறைஞ்சது 64 பிட்னு சி99 உத்தரவாதம் தருது. அதுக்கான ஃபங்ஷன் ஸ்டர்-டு-எல்எல். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூணுலயும் லாங் லாங் 64 பிட்தான். ஸ்டர்-டு-ஐமேக்ஸ்னு இன்னொண்ணும் இருக்கு, அதுவும் குறைஞ்சது 64 பிட் தரும்.

விஷுவல் ஸ்டுடியோவுக்கு இது 2013 பதிப்புலதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி ஸ்டர்-டு-ஐ64னு, முன்னாடி ஒரு அண்டர்ஸ்கோர் போட்ட மைக்ரோசாஃப்டோட சொந்த ஃபங்ஷன்தான். பழைய கோட்ல '#இஃப்டெஃப்' போட்டு ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி எழுதியிருக்கிறதுக்குக் காரணம் இதுதான். கிட் சோர்ஸ் கோடைத் திறந்து பாருங்க. 'காம்பாட்'ங்கிற ஃபோல்டருக்குள்ள ஸ்டர்-டு-ஐமேக்ஸ் இல்லாத சிஸ்டங்களுக்காக ஒரு தனி ஃபைலே வெச்சிருக்காங்க. வித்தியாசத்தை ஒரே மூலையில அடைச்சுட்டு, மீதி கோடைச் சுத்தமா வெச்சுக்கிற முறை அது. நாமளும் அப்படியே செய்யலாம்.

ஓபன்பிஎஸ்டி ஆட்கள் இதை இன்னும் அழகா யோசிச்சாங்க. 2004-ல வந்த அவங்க 3.6 பதிப்புல ஸ்டர்-டு-நம்னு ஒரு ஃபங்ஷன் கொண்டுவந்தாங்க. ஸ்ட்ரிங், குறைஞ்சபட்சம், அதிகபட்சம் இந்த மூணையும் கொடுக்கணும். சரியா இருந்தா எண் வரும். இல்லைன்னா செல்லாது, ரொம்பச் சின்னது, ரொம்பப் பெருசு இந்த மூணுல ஒரு காரணம் வரும். பேஸ் எப்பவும் 10. வரம்பைச் சொல்லாம அதைக் கூப்பிடவே முடியாது. அதுதான் அதோட பலம். ஆனா இது சி ஸ்டாண்டர்ட்ல இல்ல, ஜிலிப்சியிலயும் விண்டோஸ்லயும் இல்ல.

அதனால நான் சொல்ற வழி, உங்க ப்ராஜெக்ட்ல அதே வடிவத்துல நீங்களே ஒரு ஃபங்ஷன் எழுதுங்க. இருபது வரி போதும். படிகளைச் சொல்றேன்.

முதல் எழுத்தைப் பாருங்க. நெகட்டிவ் எண் வரக்கூடாத இடம்னா, அது 0-க்கும் 9-க்கும் நடுவுல இருக்கணும். இந்த ஒரே சோதனையில முன்னாடி வர்ற ஸ்பேஸ், பிளஸ், மைனஸ் மூணும் வெளியே போயிடும். இல்லைன்னா ஸ்டர்-டு ஃபங்ஷன்கள் அதையெல்லாம் ஏத்துக்கும்.

இந்தச் சோதனைக்கு 'இஸ்டிஜிட்' வேணாம், நேரடியா ஒப்பிடுங்க. 0-ல இருந்து 9 வரைக்கும் வரிசையா இருக்கும்னு சி ஸ்டாண்டர்டே உத்தரவாதம் தருது. இஸ்டிஜிட்ல என்ன பிரச்சினைன்னா, எக்ஸ்86 மெஷின்ல 'சார்' டைப் நெகட்டிவாவும் இருக்கலாம், ஆர்ம் லினக்ஸ்ல அது அன்சைன்ட். தமிழ்ல டைப் பண்ணினா யூடிஎஃப்-8ல அந்த எழுத்தோட எல்லா பைட்டும் 127-க்கு மேலதான். எக்ஸ்86-ல அது நெகட்டிவ் எண்ணா இஸ்டிஜிட்டுக்குள்ள போகும், அதுவும் அன்டிஃபைன்ட் பிஹேவியர்தான். விஷுவல் ஸ்டுடியோ டீபக் பில்டுல அந்த இடத்துலயே அசெர்ட் அடிச்சு நின்னுடும். இங்கிலீஷ்ல மட்டும் டெஸ்ட் பண்றவங்களுக்கு இது தெரியவே தெரியாது.

அப்புறம் எர்நோவை 0 ஆக்குங்க. ஸ்டர்-டு-எல்எல்-ஐ பேஸ் 10-ஓட கூப்பிடுங்க. அந்த மூணு கேள்வியையும் கேளுங்க. கடைசியா, உங்க குறைஞ்சபட்சம் அதிகபட்சத்தோட ஒப்பிடுங்க. எல்லாம் சரின்னா எண்ணைக் கொடுங்க, இல்லைன்னா தோல்வின்னு தெளிவாச் சொல்லுங்க. எண்ணும் வெற்றி தோல்வியும் தனித்தனியா வெளியே வரணும். '-1 வந்தா தோல்வி'ன்னு வெச்சுக்கிட்டா திரும்பச் சுடோ கதைதான்.

இன்னும் ஒரு எச்சரிக்கை. 64 பிட்டாப் படிச்ச எண்ணை 'சைஸ்-டி'யில போடும்போதும் கவனம் வேணும். 32 பிட் மெஷின்ல சைஸ்-டி 32 பிட். அங்க அதிகபட்சமா அந்த டைப்போட உச்சத்தையே கொடுத்துடுங்க. இல்லைன்னா வாசல்ல சோதிச்சுட்டு, வீட்டுக்குள்ள வந்து வெட்டின கதையாயிடும்.

டெஸ்ட் பண்ண ஒரு சின்னப் பட்டியல்

ஃபங்ஷன் எழுதினதும் இதையெல்லாம் கொடுத்துப் பாருங்க: காலி ஸ்ட்ரிங், வெறும் ஸ்பேஸ், "-", "-1", "+5", "08", "0x10", "12abc", 2147483647, 2147483648, 4294967301, இருபது இலக்கத்துல ஒரு எண், அப்புறம் தமிழ் இலக்கம் "௧௨". ஒவ்வொண்ணுக்கும் என்ன பதில் வரணும்னு முன்னாடியே எழுதி வெச்சுக்குங்க. இதை 64 பிட் லினக்ஸ்ல, விண்டோஸ்ல, 32 பிட் பில்டுல ஓட்டுங்க. எக்ஸ்86 லினக்ஸ்ல ஜிசிசி வெச்சிருக்கவங்க மைனஸ் எம்32ங்கிற ஆப்ஷனைப் போட்டா, 32 பிட் லைப்ரரி இருந்தாப் போதும், அதே மெஷின்லயே 32 பிட்டையும் பார்த்துடலாம். மூணு இடத்துலயும் ஒரே பதில் வந்தா, உங்க வேலை முடிஞ்சது.

பழைய கோட் வெச்சிருக்கவங்க, இன்னைக்கு ராத்திரி உங்க ப்ராஜெக்ட்ல ஏ-டு-ஐனு ஒரு தடவை தேடிப் பாருங்க. கிடைக்கிற ஒவ்வொரு இடத்துலயும் ஒரே கேள்விதான் கேக்கணும்: இங்க வரக்கூடிய குறைஞ்ச எண் எது, உச்ச எண் எது? பதில் தெரிஞ்சா மாத்துறது சுலபம். தெரியலைன்னா, அதைக் கண்டுபிடிக்கிறதுதான் முதல் வேலை.

சந்தேகம் இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.